அக்காவைக் கூரத்துக்கு அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

சார்ஜாவிலிருந்து குமரகுரு வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நானும் உங்கள் மருமகளும் நலம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

குழந்தை இல்லையே என்று போன வாரம் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். பெரிதாக ஒன்றுமில்லை, எனக்கு விந்தணுக்கள் குறைவாம். டாக்டர் தமிழர்தான். ஊரைக் கேட்டார். பிள்ளையார்பாளையம், வீட்டுக்குள்ளேயே சாயப்பட்டறை என்றேன்.

“அம்மா வயித்துல இருக்கும்போதே ரசாயனம் பாதிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது” என்றார்.

அன்று மாலை அக்கா வீடியோவில் வந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு சாயத்தொட்டிப் பக்கத்தில் நிற்கிறாள்.

“தள்ளிப் போக்கா” என்றேன்.

“நெடியெல்லாம் பழகிப்போச்சுடா, ஒன்னும் ஆவாது” என்று சிரித்தாள்.

அதிலிருந்து எனக்குப் பயம் போகவில்லை. அவளை உடனே கூரத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். நம் வீட்டில் வெக்கை அதிகம் என்று ஏதாவது காரணம் சொல்லுங்கள். முடிந்தால் எனக்குக் கொஞ்சம் வடகம் பார்சலில் போடுங்கள், சோறே இறங்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். என்னைச் சுமந்தபோது அந்தத் தொட்டியில் பட்டு நூலை முக்கி எடுத்தவள் அவள்தானே.

குமரகுரு