ஓவியாவின் காலிக் கிண்ணம்

நாரணாபுரம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் செழியனுக்கு அம்மா சண்முகத்தாய் எழுதுவது. இங்கே நானும் மருமகள் ஓவியாவும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீ சுகமா என்று முறைக்காகக் கேட்கவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. போனில் பேசலாம் என்றால் போன் ஓவியாவுடையது, அவளும் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் ஐந்தாவது வரை படித்த எழுத்தில் நானே எழுதி, நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போகும் பாண்டிமுருகனிடம் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். குடோனில் யாரும் இல்லாதபோது பிரித்துப் படி.

ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் கிடக்கிறது, நம் தெருக் குழாயில்தான் வரவில்லை. தீபாவளி சீசன் முடிந்து மூடிக் கிடந்த பட்டாசுக் கம்பெனி திறந்துவிட்டது, ஓவியா பழைய ஷெட்டுக்கே வேலைக்குப் போகிறாள். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அப்பா வந்தால்தான் காட்டுவேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். உன் மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் வேண்டாம் என்று சொல்லியும் நீ போனதை நான் மறக்கவில்லை, அது தனி.

உன்னோடு குடோனில் இருந்த மணிமுத்து மார்கழியில் எலும்பும் தோலுமாக ஊர் வந்தான். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்ததில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கல் கழிந்து ஒருநாள் ஓவியா வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வாலே என்றேன், வரவில்லை. அத்தை, செழியனையும் போய் ரத்தம் பாக்கச் சொல்லுங்க, சம்பளம் வாங்குன சனிக்கிழமை நாங்க ஒண்ணாத்தான் அங்கன போவோம், நான் சொன்னா போனை வச்சிருதான், தெருவுல மட்டும் சொல்லிறாதீக என்றான். எங்கே போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்குகிற வயசுதான் எனக்கு.

அதற்கு மறு வாரம் மதுரையிலிருந்து அனுப்பிரியா என்று ஒரு பெண் வந்தாள். அந்த நோய் தனக்கு வரும் என்று யார் எம்புட்டு நினைக்கிறார்கள் என்று ஊர் ஊராக அளந்து எழுதுகிறார்களாம். சாவடியில் பெண்களை மட்டும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு கிண்ணமும் பத்துப் புளியங்கொட்டையும் கொடுத்தாள். வரவே வராது என்றால் ஒன்றும் போடாதீங்க, கட்டாயம் வரும் என்றால் பத்தையும் போடுங்க, நடுவில் என்றால் மனசுக்குப் பட்டதைப் போடுங்க என்றாள். பழகிக்கொள்வதற்கு நாளைக்கு மழை வருமா என்று முதலில் கேட்டாள், எல்லோரும் இரண்டு மூன்று போட்டார்கள். அடுத்து, உங்க கம்பெனியில் இந்த வருசம் விபத்து வருமா என்று கேட்டாள் பார், ஒருத்தி கையும் நீளவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் வெடித்ததில் கை வெந்து பிழைத்த பொன்னுத்தங்கமும் போடவில்லை. இதைப் போட்டுட்டு நாளைக்கு மருந்து ரூமுக்குள்ள எப்படித் தாயி காலை வைக்கது என்றாள். அந்தப் பெண் இவர்களுக்குப் பயமே இல்லை என்று நினைத்திருப்பாள். பயமில்லாதவளா தினமும் உடம்புக் கரண்டு இறங்கட்டும் என்று வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறாள். நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம், கையால் செய்துவிடுவோம், வேலையில் எங்கள் வழக்கம் அது.

பிறகு நோய்க்குக் கேட்டாள். அங்கேயும் அதே வழக்கம்தான். புருசனை வைத்துக்கொண்டு ஒரு கொட்டை போட்டாலும் அவனைச் சொன்னது போலாகிவிடும் அல்லவா. சங்கிலிமுத்து பெண்டாட்டி, எங்க வீட்டு ஆளுக்கு ஒயின்ஷாப்பைத் தவிர வேற வழி தெரியாது, அந்த நோய்க்கே இவரைத் தேடிப் புடிக்கத் தெரியாது என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஓவியாவும் சிரித்துக்கொண்டே காலிக் கிண்ணத்தை நீட்டினாள். எனக்கு எதுக்குக்கா வருது, நான் யார்கிட்டப் போறேன், அவுகளும் அப்படி ஆளு இல்ல என்றாள். நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன். என் பத்துக் கொட்டையையும் அவள் கிண்ணத்தில் தட்டினேன். ஓவியா என்ன அத்தை என்று முழித்தாள். அனுப்பிரியா, அவங்கவங்களுக்கு அவங்கவங்கதான் வைக்கணும் பாட்டி என்று எடுத்து என் மடியில் போட்டாள். தன் உடம்பைக் கேட்டால் அவள் காலி என்றுதான் சொல்வாள். அவள் உடம்புக்கு வருவது உன் உடம்பில் இருக்கிறது, அதை அவள் எப்படி அளப்பாள்.

உன் அக்கா குருவம்மாளும் இதையேதான் சொன்னாள், நீ அப்போது நாலாவது படித்தாய். லாரிக்குப் போன அவள் புருசன் காளீஸ்வரன் காய்ச்சலாகவே கிடந்தான், ஆத்தா அவருக்கு வெளித்தண்ணி சேரல என்றாள். அவன் பார்த்துக்கொள்ளவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. பிறகு அவளுக்கு வந்தபோது அவன் ஆத்தாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பாய் போட்டு, நசுங்கின அலுமினியத் தட்டில் சோறு வைத்தாள். குருவம்மாள் செத்த வீட்டில் நீலச் சேலை கட்டிக்கொண்டு, உங்க மகதான் கொண்டாந்தா என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். இன்றைக்கும் பஸ்ஸில் அவள் இருந்தால் நான் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருகிறேன். காளீஸ்வரன் செத்தும் நான் அவனை விடவில்லை. நீ என் மகன் என்பதால் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

கடிதம் கண்டதும் அங்கேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் போய் இரத்தம் பார். காசு கேட்கமாட்டார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள் என்று இங்குள்ள நர்சம்மா சொன்னாள். இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். இருக்கிறது என்று வந்தால் அழுதுகொண்டு அங்கேயே கிடக்காதே. குருவம்மாள் காலம் இல்லை இது, மணிமுத்து மாத்திரை சாப்பிட்டு முகம் தேறியிருக்கிறான். எது வந்தாலும் ஓவியாவிடம் நீயே உன் வாயால் சொல். கார்த்திகைக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாய், அவளும் பார்க்க வேண்டும். மாசி பிறக்கிற வரைக்கும் பொறுப்பேன், அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் அவளை உட்கார வைத்துச் சொல்லி, கையோடு விருதுநகர் கூட்டிப் போவேன். பங்குனி கழிந்து அந்தப் பெண் மறுபடியும் கிண்ணத்தைக் கொண்டு வருவாளாம். அப்போது ஓவியா எத்தனை வைத்தாலும் தெரிந்து வைக்கட்டும்.

பங்குனிப் பொங்கலுக்கு வா. நோயோடு வந்தாலும் வா, இந்த வீட்டில் யாருக்கும் தனித்தட்டு கிடையாது, பாப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவி அதிலேயே உனக்குப் போடுவேன். பார்க்காமல் வந்தால் சோறு உண்டு, ஓவியா இருக்கிற அறைக்குள் போக முடியாது. வாசற்படியில் நான்தான் படுத்திருப்பேன்.

மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும், உன்னிடமிருந்து அவளையும் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு, மணிமுத்து பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
குருவம்மாளையும் உன்னையும் பெற்ற
சண்முகத்தாய்