அலுமாரிக்குப் பின்னால் நீங்கள்

அக்கா,

எங்கள் மாடிப்படிக்குப் புதிதாக வர்ணம் பூசுகிறார்கள். வேலை முடிந்து வந்து வாசற்கதவைத் திறந்ததும் டர்பன்டைன் வாசனை முகத்தில் அடித்தது. கைப்பையோடு கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் அந்தப் பழைய தொழிற்சாலையின் மேல்மாடி கண்ணுக்குள் வந்தது. ஓவியர்கள் வட்டமாக இருக்க, நடுவில் நீங்கள்.

ஓவியர்கள் பார்த்து வரைய அசையாமல் அமர்ந்திருக்கும் வேலை. முதல் நாள் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த உறவு. நான் உங்களுக்கு மறுப்புச் சொன்னதில்லை. திரைக்குப் பின்னால் சேலையைக் களைந்துவிட்டு வந்து பலகை மேடையில் அமர்ந்தீர்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இடைவேளையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோப்பி குடித்தபோது கேட்டேன். "வெக்கமா இல்லையே அக்கா?"

"உடுத்திக்கொண்டு றோட்டால போகேக்க பாக்கிற பார்வைக்கு இது எவ்வளவோ மேலடி. இவை என்ர தோளில விழுற வெளிச்சத்தைப் பாக்கினம்."

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ஓர் ஈ உங்கள் கண்மடலில் ஊர்ந்தது, நீங்கள் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியவில்லை. நான் எழும்பிவிட்டேன். எதிரில் இருந்த வயதான ஓவியரின் பென்சிலும் பாதியில் நின்றிருந்தது.

எங்கள் சனம் கதைத்தது. தேவாலயத்தில் நீங்கள் இருந்த வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். நீங்களோ சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, இன்று ஒரு பாடகி வீடு, நாளை ஒரு சிற்பியின் கொட்டில் என்று சிரித்தபடி திரிந்தீர்கள்.

ஊரில் சமாதானம் வந்துவிட்டதென்று எல்லாரும் விமானச்சீட்டு வாங்கிய காலத்தில், நீங்கள் போகாமல் நிலவறை அரங்கொன்றில் தனியாக நடிக்கத் தொடங்கினீர்கள். மேடையில் ஓர் அலுமாரி மட்டும். அதற்கும் சுவருக்கும் இடையில் அசையாமல் நிற்பீர்கள். சப்பாத்துக் காலடிச் சத்தம் நெருங்கி வரும், நிற்கும், போகும். நாடகம் அவ்வளவுதான்.

"இது என்ன கதை அக்கா?"

"எங்கட வீடு. ஆமி வந்தவங்கள். நான் அலுமாரிக்குப் பின்னால, அண்ணை கட்டிலுக்குக் கீழ. அண்ணை இருமிப்போட்டார். இழுத்துக்கொண்டு போனாங்கள். நான் அசையேல்லையடி. பிறகு அதுவே எனக்கு வேலையாப் போச்சு."

உங்கள் கடைசி நிகழ்ச்சியன்று நான் முன்வரிசையில் இருந்தேன். சப்பாத்துச் சத்தம் நின்றது. அப்போது ஓர் இருமல் கேட்டது. வாயைப் பொத்தி அடக்கப் பார்த்த ஆண் இருமல். வந்தது மேடையிலிருந்து, தரையோடு தரையாக. நீங்கள் தலையைத் திருப்பினீர்கள். அலுமாரியை விட்டு வெளியே வந்து, வெறுந்தரையில் முழங்காலிட்டுக் கையை நீட்டினீர்கள். விளக்கு அணைந்தது.

உடுப்பு மாற்றும் அறையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "உனக்கும் கேட்டதே?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி."

அதன் பிறகு ஓவியர்கள் கூப்பிட்டபோதெல்லாம் "இனி அசையாம இருக்க ஏலாது" என்றீர்கள். உண்மைதான். கதைக்கும்போது உங்கள் கைகள் பறந்தபடி இருந்தன. அடுத்த குளிர்காலம் நெஞ்சுவருத்தம் உங்களைக் கொண்டுபோயிற்று.

பெட்டிக்குள் நீங்கள் கிடந்தபோது ஓவியர்கள் ஒருவரும் நகரவில்லை. நீங்கள் எழும்பித் தோளைத் தடவிக்கொள்வீர்கள் என்று காத்திருந்தவர்கள் போல நின்றார்கள். கடைசி நிகழ்ச்சியைப் பார்த்த ஒரு ஜெர்மன் மூதாட்டி என் கையைப் பிடித்தாள்.

"மற்ற நடிகர் வரவில்லையா?"

"எந்த நடிகர்?"

"கீழே படுத்திருந்தவர். இவள் கைகொடுத்து எழுப்பினாளே, அவர்."

யோசிக்காமலே வாயில் வந்தது: "அவர் முன்னமே போய்விட்டார்." அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

அதைப் பொய் என்று நான் இன்றுவரை நினைத்ததில்லை அக்கா. பயமும் என்னை விட்டுப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் மயிர்க்கூச்செறிகிறது. ஆனாலும் எழும்பிப் போய்க் கதவைத் தட்டி, ஏதும் வேண்டுமா என்று கேட்கிறேன். சில நேரம் யாராவது திறப்பார்கள். சில நேரம் அது ஆளில்லாத வீடாக இருக்கும்.