எஸ்கோவின் இடது கை

ஜனவரி 14, செவ்வாய்

போன வாரம் மைனஸ் இருபத்தெட்டு டிகிரி உறைபனி. இன்று கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. என் கணவர் எஸ்கோ வழக்கம்போல எனக்கு முன்பே கீழே போய்விட்டார். காரின் பனியைத் துடைப்பது, குளிரில் என்ஜின் உறையாமல் சூடேற்றும் ஹீட்டரின் வயரைக் கழற்றிச் சுருட்டுவது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சியிருக்கும் வேலை இதுதான். கடைசி நிமிடம் வரை சூடு ஏறட்டும் என்று துடைத்து முடித்துத்தான் வயரைக் கழற்றுவார். மரத்துப்போன இடது கையை பானெட்டில் ஊன்றிக்கொள்வார், வலது கையில் பிரஷ். "சாஞ்சுக்க இந்தக் கை போதும்" என்பார்.

மாலையில் மருந்துக்கடையிலிருந்து திரும்பியபோது மாடிப்படியில் பக்கத்து வீட்டு ஹெய்மோ மறித்துக்கொண்டார். வாகன நிறுத்தத்தில் ஹீட்டர்களுக்கு மின்சாரம் தரும் ஒரே கம்பத்தில் இரண்டு பிளக் பாயிண்ட். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவருக்கு.

"நீங்க கிளம்பின பிறகு என் ஹீட்டர் செத்துக் கிடக்குது, ரைலி. கரண்டையும் டிக்கியில போட்டு எடுத்துட்டுப் போறீங்களா?"

ஜனவரி 29, புதன்

மறுபடி ஈரக்காற்று. மறுபடி அதே கதை. கம்பத்துக்குள் இருக்கும் ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. எங்காவது மின்கசிவு இருந்தால் இணைப்பை வெட்டிவிடுகிற பெட்டி. கசிவு எங்கே? எங்கள் கார் நன்றாகத்தானே சூடாகிறது?

"பல்லு போன நாய் மாதிரி காத்துக்கெல்லாம் குரைக்குது" என்றார் ஹெய்மோ. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பெட்டியை எடுத்துவிடச் சொல்லப் போகிறாராம். நானும் தலையாட்டினேன். மாடிப்படியில் பேச்சு வாங்கி அலுத்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

சவுனா நீராவிக் குளியலறை அடுப்பின் ஃப்யூஸ் எது என்று எஸ்கோ எனக்குக் காட்டினார். பிறகு எப்போதும் தானே வைத்திருக்கும் படகுக் கொட்டகைச் சாவியை என் கையில் வைத்தார். இரண்டையும் நான் கேட்கவே இல்லை.

"இப்ப எதுக்கு இது?"

"தெரிஞ்சு வச்சுக்கோ."

காபிக் கோப்பையை இடது கையால் தொடவே இல்லை. சென்ற மாதம் தூக்கப் பழகியிருந்தாரே?

பிப்ரவரி 6, வியாழன்

எதையோ மறைக்கிறார்.

பிப்ரவரி 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் தரையெல்லாம் உருகிய பனிச்சேறு. நான் ஜன்னலில் நின்றிருந்தேன். எஸ்கோ பானெட்டில் கையை ஊன்றினார். தோள் ஒருமுறை வெட்டி இழுத்தது. அதே கணம், மின்சாரம் இருப்பதைக் காட்டும் கம்பத்தின் சிறு விளக்கு அணைந்தது. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. நனைந்த கையுறையைக் கழற்றி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

காலுறையோடு கீழே ஓடினேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"எஸ்கோ!"

"மூணாவது தடவை... சின்னச் சின்னதா வருது. பெருசா ஒண்ணு வரப்போகுது போல. சொன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவே. இந்த ஒரு வேலையும் போயிடும்."

ஒரு மாதமாக இதை வைத்துக்கொண்டா என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய்? — திட்டினேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது.

"உன் மூளையில என்ன வந்தா என்ன, கம்பத்து விளக்கு எதுக்கு அணையணும்?"

காரைத் தொடாமல் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிப்ரவரி 20, வியாழன்

இதயம் சரியாக இருக்கிறது. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. புதிதாக எதுவும் இல்லை!

பிப்ரவரி 21, வெள்ளி

எலக்ட்ரீஷியன் கைசா வந்தாள். வயரை ஒரு பார்வைதான் பார்த்தாள். "பானெட்டை மூடி மூடி இதை நசுக்கினது யாரு?" எஸ்கோ பள்ளிப் பையன் மாதிரி கை தூக்கினார்.

உள்ளே எர்த் கம்பி அறுந்திருந்தது. மின்சாரம் வரும் கம்பியின் தோல் உரிந்து, காரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எர்த் நல்லா இருந்திருந்தா, கார் உடம்புல கரண்ட் பட்ட உடனே ட்ரிப்பர் விழுந்திருக்கும். அது இல்லாததால கரண்ட் வழி தெரியாம கார்லயே காத்துட்டு இருந்தது. உங்க ஈரக் கையும் ஈர பூட்ஸும்தான் வழி."

பெட்டிக்கு ஒரே வேலையாம்: போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. ஒரு துளி குறைந்தாலும், அது வேறு யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். இதயம் தாளம் தப்புவதற்குள் வெட்டிவிடும். உலர்ந்த பனியில் அந்த வழி இல்லை. அதனால்தான் கடுங்குளிரில் அது விழவே இல்லை.

"அப்ப அது ஒரு தடவைகூட சும்மா விழலையா?" என்றேன்.

"மூணு தடவையும் இவர் குறுக்கே நின்னாரு. அதான் விழுந்தது."

எஸ்கோ தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நோய் இல்ல, வெறும் கரண்டுதான்" என்று சிரித்தார். ஷாக் அடித்ததற்குச் சந்தோஷப்பட்ட மனிதரை இன்றுதான் பார்க்கிறேன். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அந்தப் பெட்டியை எடுத்துவிட நான் தலையாட்டியிருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சங்கக் கூட்டம். ஈஸ்டர் தவக்காலத்துக்கு முந்தைய நாள் என்பதால் ஆளுக்கொரு கிரீம் பன். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன், என் தலையாட்டலையும் சேர்த்து. ஹெய்மோ பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவர் முறை வந்ததும், "அந்த நாய் குரைக்கட்டும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் அவரவர் வயரைப் பார்த்துக்கொள்வதாக முடிவு.

மார்ச் 12, புதன்

சேறு, தூறல். காரில் இப்போது புது வயர். எஸ்கோ கீழே போனார். முதலில் கம்பத்தைத் திறந்து, ட்ரிப்பர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கைசா காட்டிய சோதனைப் பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

"எஸ்கோ! என் கார்!" பால்கனியிலிருந்து ஹெய்மோ.

"இருய்யா, உனக்கும் சேர்த்துத்தான்!"

திரும்பப் போட்டார். வயரைக் கழற்றினார். இப்போதெல்லாம் துடைப்பதற்கு முன்பே அது. பிறகு இடது கையை பானெட்டில் ஊன்றிச் சாய்ந்து துடைத்தார்.

மேலே வந்ததும் அந்தக் கையை என்னிடம் நீட்டினார். "படகுக் கொட்டகைச் சாவி."

"ஏரி உருக இன்னும் ரெண்டு மாசம் இருக்கே?"

"இருக்கட்டும். கொடு."

கொடுத்தேன்.