எழு, ஏறு, உயர், உப்பு

மார்ச் 3, செவ்வாய்

அகராதி அலுவலகத்தில் இன்று எனக்கு ஒதுக்கிய ஆங்கிலச் சொல் 'ரைஸ்'. அலுவலக உதவியாளர் காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "ரைஸ்னா சோறுதானே சார், அதுக்கா இத்தனை பேப்பர்?" என்றார். அதற்கு வேறு எழுத்து, இது எழுவது, மேலே போவது என்று விளக்கினேன். "சோறா இருந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

வருத்தம் நியாயமானது. சூரியன் உதிக்கிறது, விலை ஏறுகிறது, ஆறு பெருகுகிறது, மாவு உப்புகிறது, மக்கள் கிளர்ந்தெழுகிறார்கள், இறந்தவர் உயிர்த்தெழுகிறார். இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். சம்பளம் உயர்கிறது என்ற பொருளும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் இதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. நீதிமன்றம் எழுந்தது என்றால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமாம். இந்தப் பொருளுக்குத்தான் எங்களிடம் ஆதரவு அதிகம்.

மகள் கணவன் வீட்டிலிருந்து வந்து மாதம் ஆகப்போகிறது. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தாள். ஏன் போகவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பயிற்சி.

மார்ச் 6, வெள்ளி

பொருள்களில் எதை முதலில் வைப்பது? எல்லாமே சரியாகப்படுகிறது. ஒன்றை மேலே ஏற்றினால் மற்றது கோபித்துக்கொள்ளுமோ என்று மாற்றி மாற்றி அடுக்குகிறேன். பிழை திருத்தும் அம்மையார் (அகராதி எழுதும் எங்கள் நால்வருக்குள் அவர் பெயர் காற்புள்ளி) எட்டிப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணை மேல வைங்க சார். தப்பா இருந்தா திருத்தத்தானே நான் இருக்கேன்?"

அப்போது இயக்குநர் வந்தார். எல்லோரும் எழுந்தோம். வழக்கம்போல் நான் முதலில். அவர் அறைக்கதவு கிறீச்சிட்டாலே என் முழங்கால் நிமிர்ந்துவிடும். ஒருமுறை கதவைத் தள்ளியது காற்று. அதற்கும் நின்றிருக்கிறேன்.

மகள் கல்யாணத்தன்று சம்பந்தி நடமாடிய நேரமெல்லாம் நின்றேன். அவர் கை கழுவப் போனபோதுகூட. பெண்ணைப் பெற்றவன் அடக்கமானவன் என்று பெயர் கிடைத்தது. கால் வீங்கியது தனி.

மார்ச் 9, திங்கள்

விலை ஏறுவது இன்றோடு முடிந்தது. அகராதியில்.

மார்ச் 11, புதன்

சாயங்காலம் வீட்டு மேசையில் வேலையைப் பரப்பி வைத்திருந்தேன். மகள் வந்து, "என்னப்பா எழுதறீங்க?" என்றாள்.

"எழுந்து நிக்கறதைப் பத்தி."

"என்னைக் கேட்டிருந்தா ஒரே நாள்ல எழுதிக் குடுத்திருப்பேனே" என்றாள். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு சிரிக்காமல் சொன்னாள்:

"அங்க நான் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லப்பா. மாமனார் வந்தா எழுந்திருக்கணும். மாமியார் வந்தா எழுந்திருக்கணும். இவர் போன் பேசிட்டு உள்ள வந்தாலும் எழுந்திருக்கணும். சரி, நின்னுக்கிட்டே சாப்பிட்டா, இது என்ன பழக்கம், ஓட்டல்ல வளர்ந்தியான்னு கேப்பாங்க. இங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி காய்ச்சல்ல படுத்திருந்தேன். விடிஞ்சும் எழுந்திருக்கலைன்னு இவர் வந்து கட்டிலை ஒரு பக்கமா தூக்கிச் சாய்ச்சுட்டாரு. விழுந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சட்டைக் கையை ஏற்றி முழங்கையைக் காட்டினாள். காயம் ஆறி, தோல் கறுத்திருந்தது.

நான் சொன்னது: "விளையாட்டாவும் இருக்கலாம் இல்லியாம்மா?"

கையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தொழில் புத்தி. எதைக் காட்டினாலும் இன்னொரு பொருளும் இருக்குமே என்று தேடுகிற புத்தி. அதுக்காக— பெத்த பொண்ணு முழங்கையைக் காட்டுறா, அதுலயுமா 'அல்லது' போடுவ? என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 12, வியாழன்

எனக்குக் காலைக் காப்பியை மகள் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள்.

மார்ச் 13, வெள்ளி

சம்பந்தி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், அழைத்துப் போக. "ரொம்ப நாள் ஆச்சு, நாலு பேர் கேக்கறாங்க பாருங்க." நின்றுகொண்டே பேசினேன் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

மனைவியிடம் கட்டில் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும். மருந்து போட்டதே நான்தான்" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

"பார்க்கலாம்" என்றேன்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க, அவ கல்யாணமான நாள்லேருந்து."

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே எழுந்துவிட்டேன். ஒன்றும் செய்வதற்கில்லை. சம்பந்தி உட்கார்ந்தார், மாப்பிள்ளை உட்கார்ந்தார், பிறகு நான். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். மகள் சுவரோரம் நின்றாள், காலி நாற்காலி பக்கத்திலேயே இருந்தும்.

சம்பந்தி வெயிலைப் பற்றியும் சாலைப் பள்ளங்களைப் பற்றியும் நியாயமாகப் பேசினார். பிறகு, "சரிம்மா, பொழுதோட போயிடலாம். துணிமணி எடுத்துக்க" என்றார். மகள் என்னைப் பார்த்தாள்.

"உட்காரும்மா" என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. "உன்னைத்தான். உட்காரு."

உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில்.

"உட்காரட்டும் மாமா, எப்படியும் கார்ல உட்காரத்தானே போறா" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"கட்டிலை எதுக்கு மாப்பிள்ளை தூக்கினீங்க?"

"அதுவா? சும்மா விளையாட்டுக்கு மாமா."

"அவ சிரிச்சாளா?"

அவர் தன் அப்பாவைப் பார்த்தார். சம்பந்தி சொன்னார்: "இதெல்லாம் ஒரு விஷயம்னு பேசுவாங்களா? இவ்வளவு படிச்சவரு நீங்க…"

"இப்ப அனுப்பறதா இல்லைங்க. அவளா வரேன்னு சொன்னா அன்னிக்குப் பேசலாம்."

"பின்னால வருத்தப்படுவீங்க."

"படறேன்."

சம்பந்தி எழுந்தார். மாப்பிள்ளையும். மகளின் கால் தரையில் ஊன்றுவதைப் பார்த்தேன்; வேண்டாமென்று தலையசைத்தேன்; நிறுத்திக்கொண்டாள். என் இடுப்பு தானாக ஒருமுறை கிளம்பிப் பார்த்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தபடியே, "பார்த்துப் போங்க" என்றேன். அவ்வளவுதான் வீரம். கார் போன பிறகுதான் நாற்காலிக் கையை விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

முதல் பொருள்: உட்கார்ந்த அல்லது படுத்த நிலையிலிருந்து எழு. மற்றவை எல்லாம் கீழே. காற்புள்ளி படித்துப் பார்த்தார், திருத்தவில்லை.

மார்ச் 19, வியாழன்

அண்ணன் போன். "சம்பந்தி எழுந்து நிக்கறாராம், நீ ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தியாமே? திமிரா?" கால் வலி என்று சொல்ல நா எழுந்தது. "ஆமாண்ணே" என்றேன். பிறகு, "குழந்தை சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

மகள் வேலை கேட்டுத் தன் பழைய அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தாள். அடுத்த மாதம் சொல்கிறார்களாம். நிச்சயமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். குழம்பில் உப்புக் குறைவு. மகள் எழப் போனாள். "நீ சாப்பிடு" என்று நான் போனேன். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த வீட்டில்தான் இத்தனை காலம் குடியிருக்கிறேன்.

மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொன்னாள். "மேல் தட்டு. இடது பக்கம். அது இல்ல, அது சர்க்கரை."