அஞ்சலை திருப்பித் தராத எழுத்து

என் அக்காளின் கணவராகவும், என் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகவும் இருந்து, இரண்டு பதவியிலும் என் பேச்சை ஒருநாளும் கேட்காத அன்பு அத்தானுக்கு,

நலம் விசாரிக்க வழியில்லாததால் நேரே செய்திக்கு வந்துவிடுகிறேன். ரப்பர்த் தோட்டம் அப்படியேதான் இருக்கிறது. சிகாமட் பக்கம் ஆறு பெருகியதில் சில நாள் ரயில் வரவில்லை, சீனன் கடையில் உப்புக்கூடத் தட்டுப்பாடு. பள்ளிக்கூடக் கூரையில் நீங்கள் அடைப்பதாகச் சொன்ன ஓட்டையை இன்னும் யாரும் அடைக்கவில்லை. மழை வந்தால் மூன்றாம் வகுப்பு நகர்ந்து உட்காருகிறது.

இந்தக் கடிதம் அக்காவைப் பற்றியது. குளிர்காய்ச்சலில் நீங்கள் போன செய்தி எட்டியதும் நாகப்பட்டினத்திலிருந்து பெரியப்பா எழுதிவிட்டார். பாக்கியத்தை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பு, தாலியிழந்த பெண்ணுக்கு மலாயாக் கித்தாக் காட்டில் என்ன வேலை என்றார். முறை அதுதானே என்று நானும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்க போயி நான் என்ன பண்ண? பெரியம்மாவுக்கு வெத்தல இடிச்சுக் குடுத்துக்கிட்டு மூலையில உக்காரவா?"

"வேற வழி என்னக்கா இருக்கு?"

"பின்வரிசப் பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க? அத மொதல்ல சொல்லு."

ஒன்றும் பண்ணவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வகுப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, வருஷக்கணக்காய் உட்கார்ந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவர்கள் உங்கள் பிள்ளைகள். மற்றவர்கள் மக்கு வரிசை என்று சொன்னால் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆகவே நாகரிகமாகப் பின்வரிசை என்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டுமே. சிலேட்டில் எழுதினால் அழிந்துவிடுகிறது, இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணை விட விரல்தான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் கழித்துப் போடும் கித்தாத் தகட்டின் ஓரங்களைக் கேட்டு வாங்கி வந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாக வெட்டினீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். அக்கா பழைய சேலையில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் முழுக்கப் புகை நாற்றம். எனக்கு அந்த முறையில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை, இப்போதும் பாதிதான்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தீர்கள். ஒரு பிள்ளைக்கு எந்த எழுத்து வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதோ, அதை அந்தப் பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். "விருந்தாளியா வச்சுக்க. சோறு திங்கிறப்ப பக்கத்துல வையி, தூங்கறப்ப தலமாட்டுல வையி" என்பீர்கள். எழுத்து படிந்ததும் பிள்ளை உங்களிடம் வந்து எழுதிக் காட்ட வேண்டும், நீங்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டு அடுத்த விருந்தாளியை அனுப்புவீர்கள். "ஒங்க விருந்தாளி வீட்டையே நாறடிக்குது சார்" என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். உங்களிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

இனி உங்களுக்குத் தெரியாதது. காய்ச்சல் கண்டு செத்தவரின் பாய், தலையணை, துணிமணிகளை லயத்துக்கு அப்பால் கொண்டுபோய் எரித்துவிடுவது இங்கே வழக்கம். உங்களை அடக்கம் செய்த மறுநாள் கங்காணியும் இரண்டு பேரும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். படுக்கையில் கிடந்தபடியே நீங்கள் எழுத்து வெட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பை தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அக்கா உள்ளறையில் பெண்கள் நடுவில் இருந்தாள். கித்தா எரிகிற நாற்றம் வந்த பிறகுதான் எழுந்து ஓடி வந்தாள். அதற்குள் எல்லாம் ஒரே கறுப்புக் களியாய் உருகிப்போயிருந்தது.

கங்காணி பாவம், நடுங்கிப் போய்விட்டார். "வாத்தியாரு கையாலயே வெட்டுன சாமான் ஆத்தா. அவரோடயே போவட்டும்னு தெரிஞ்சுதான் போட்டோம்" என்றார். மரியாதைக்காகச் செய்தவரை யார் என்ன சொல்ல முடியும்?

காரியம் முடிந்த சில நாளில், காலை மணி அடித்ததும் வெள்ளைச் சேலையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாள் எதிரே வந்தவள் ஒதுங்கிப் போனாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு, கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் போய் நிழலில் உட்கார்ந்தாள். "ஒங்க வீட்டு விருந்தாளிங்களயெல்லாம் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் வந்து சேர்ந்த எழுத்துகளைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பையில் இருந்த சுலபமானவை எல்லாம் வெந்து போக, யாருக்கும் வராத எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்து அம்மா என்று எழுதக்கூட வழியில்லை. அக்காவோ அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "சார்கிட்ட திருப்பிக் குடுத்த எழுத்தெல்லாம் ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே? தெரிஞ்சத நீங்களே வெட்டுங்க" என்று கத்தரிக்கோலையும் கித்தா ஓரங்களையும் பிள்ளைகள் முன்னால் போட்டாள். வெட்டினார்கள். ஒன்றுகூட நேராக இல்லை. கால் நீண்டதும் வயிறு பெருத்ததுமாக ஒரு கூட்டம். ஆனாலும் தடவிப் பார்த்தால் இன்னதென்று தெரிந்தது.

அஞ்சலை மட்டும் வெறுங்கையோடு வந்தாள். கித்தாப் பால்வெட்டுக்காரர் வீட்டு மூத்த பெண், முன்பல் விழுந்தவள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியாக அவளுக்கு நீங்கள் கொடுத்தது ஞ. அந்த எழுத்து இல்லாமல் தன் பெயரையே எழுத முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். எங்கே விருந்தாளி என்று கேட்டால், "எலி தின்னுருச்சு" என்றாள். கித்தாவைத் தின்ற எலியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அக்கா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி போ என்று விட்டுவிட்டாள்.

சும்மா இருக்க முடியுமா? தலைமை ஆசிரியர் என்ற முறையில் தோட்டத் துரையிடம் அக்கா பாடம் நடத்துவதை நான் சொல்லித்தானே ஆக வேண்டும். துரை தோளைக் குலுக்கினார். ஜொகூர் பாருவிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் பார்த்துச் சொல்லட்டும், சரியில்லை என்றால் அந்தப் பிள்ளைகளைப் புல்வெட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றால் நீ கப்பலேற வேண்டியதுதான், என்னால் மறுக்க முடியாது என்றேன். "சரி தம்பி" என்றாள். அந்த வார்த்தையில் கோபமில்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நம்மவர்தான், கோட்டும் தலைப்பாகையுமாக. என் வகுப்புகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆயாக்கொட்டகைப் பக்கம் வந்தார். பாயில் பரப்பியிருந்த எழுத்துகளில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். சிலர் வாசித்தார்கள், சிலர் தடுமாறினார்கள், ஒருவன் மூத்திரம் வருகிறதென்று எழுந்து ஓடிவிட்டான். மோசமென்று சொல்ல முடியாது. அவர் கடைசியாக அஞ்சலையைக் கூப்பிட்டு, "உன் பெயரை எழுதம்மா" என்று சிலேட்டை நீட்டினார்.

முதல் எழுத்தை எழுதினாள். பக்கத்தில் ஓர் எழுத்துக்கு இடம் விட்டாள். மிச்சத்தை எழுதிவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"நடுவில் என்ன வரும்?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடம் வருகிறது இது? சொந்தப் பெயர்கூட எழுத வரவில்லையே" என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பாயில் உட்கார்ந்து அஞ்சலையின் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஒனக்குத் தெரியும். எழுது."

"எழுதுனா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்?"

"யாருகிட்ட?"

"சார்கிட்ட. என்கிட்ட இருந்தா சார் கேட்டு வருவாங்க. குடுத்துட்டா அப்பறம் எதுக்கு வருவாங்க?"

பாவாடை முடிச்சில் இருந்து எடுத்துக் காட்டினாள். தடவித் தடவி ஓரம் மழுங்கிப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளை சொல்லும் சார் இறந்துவிட்டார், இந்த அம்மாள் அவர் மனைவி என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து அக்கா சொன்னதை அவள் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை, அத்தான். காரியத்தன்றுகூட, "அவரு வந்தாக்கா", "அவரு இருந்தாக்கா" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது பிள்ளையின் கையை எழுத்தோடு சேர்த்து மூடினாள்.

"சார் வர மாட்டாங்க அஞ்சல. குடுத்தாலும் வர மாட்டாங்க, குடுக்காட்டியும் வர மாட்டாங்க. இது ஒனக்குத்தான், நீயே வச்சுக்க. இப்ப எழுது."

அஞ்சலை அழவில்லை. சிலேட்டைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்தில் அந்த எழுத்தை எழுதினாள். நெருக்கமான இடம், ஆனாலும் அளவாகப் பொருந்தியது. அழுதது நான். உங்களை அடக்கம் செய்த அன்று எல்லோரும் என்னைக் கல் என்றார்கள். அந்தக் கல்தான் இன்ஸ்பெக்டர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் தன் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு, "சர்ட்டிபிகேட் இல்லாதவரை ஆசிரியை என்று நான் எழுத முடியாது. வகுப்பு நடக்கட்டும் என்று எழுதலாம்" என்றார். எழுதியும் விட்டார். புறப்படும்போது, பத்து பாகாட் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்களாம், எழுத்து வெட்டும் விதத்தைச் சொல்லித் தர முடியுமா என்று அக்காவைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அக்கா காலையில் இரண்டு பேருக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் கொஞ்ச நேரம் வாசலில் சும்மா நிற்கிறாள். முன்பு நீங்கள் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது வானத்தைப் பார்த்து மழை வருமா என்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

அத்தான், ஒரு வாக்குக் கொடுக்கிறேன். யார் எழுதினாலும், எந்தக் கப்பல் வந்தாலும், அவளாக ஏறுகிறேன் என்று சொல்லாதவரை அக்கா இங்கேதான் இருப்பாள். அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். இங்கே என்னைத்தான் அவள் பார்த்துக்கொள்கிறாள். நீங்கள் இனி வர மாட்டீர்கள் என்பதை அவள் சொல்லிவிட்டாள். நானும் இன்று சொல்லிப் பழகுகிறேன்.

உங்கள் மைத்துனன்,
பாக்கியத்தின் தம்பி