‘கேட்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தீர்கள், அத்தா

என் அருமை அத்தாவுக்கு, மகள் ரஹ்மத் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

நீங்கள் மவுத்தாகி எட்டு மாதம் முடிந்துவிட்டது. நம் கிளப்பின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, தலைவர் சண்முகவேல் மாமா கடைக்கு வந்தார். ‘நம் கிளப்’ என்று நான் எழுதியதைப் பார்த்தால், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசிப்பீர்கள். உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உங்களிடம் கேட்கத்தான் நிறைய இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஊருக்கு உதவி செய்கிற அந்தச் சேவை கிளப்பைப் பற்றி வீட்டில் நான் எப்படிப் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தையல் மெஷினைப் பதினைந்து பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பீர்கள். அதை இலவசமாக வாங்கிக்கொள்ள வந்த பெண் எங்கேயோ மறைந்துபோயிருப்பார். பேப்பரில் படம் வந்ததும், “இதுல தையல் மெஷின் எங்கத்தா இருக்கு?” என்று கேட்பேன். “கீழ பாரு, காலு தெரியுது” என்று சிரிப்பீர்கள். ஏன் அங்கே போகிறீர்கள் என்று மட்டும் நான் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

உங்கள் போனை அணைக்க அம்மா விடவில்லை. நாற்பது நாள் வரை துக்கம் விசாரிப்பவர்கள் பேசினார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் மணி அடித்தது. “பாய், பி நெகட்டிவ் ஒரு யூனிட் வேணும். சின்னமனூர்ல ஒரு பெரியவருக்கு ஆபரேசன்” என்றார் ஒருவர். நான் விஷயத்தைச் சொன்னேன். “மன்னிச்சுக்கங்கம்மா, எனக்குத் தெரியாது” என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “அப்ப நாங்க இனிமே யாருகிட்டம்மா கேக்குறது?” என்றார்.

சொட்டுநீர்க் குழாய் வாங்க நம் கடைக்கு வருகிற திராட்சைக்காரர்கள் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். இதற்குத் தெரியவில்லை. ரத்தம் கொடுப்பவர்களின் பெயரை நீங்கள் எழுதி வைத்திருந்த நீல நோட்டை அன்றுதான் மேசைக்குள்ளிருந்து எடுத்தேன்.

பெயர், ஊர், போன் நம்பர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள். இதெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ‘ஊசியைப் பார்த்தால் மயங்குவார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவும்.’ ‘அவன் அம்மா போனை எடுத்தால் கிரிக்கெட் விஷயம் என்று சொல்லவும்.’ ‘சாப்பிட்டாயா என்று முதலில் கேள். பொய் சொல்வான். இன்னொரு தடவை கேள்.’ ஒரு கதை படிப்பது மாதிரி உட்கார்ந்து படித்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவீர்களே, இவர்களோடுதான் பேசிக்கொண்டிருந்தீர்களா? இத்தனை பேரையும் இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?

அந்தச் சின்னமனூர்ப் பெரியவருக்கு ஒருவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு போன் வந்தால் நானே பேச ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு பெயர் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘ஜெயக்கொடி, சுருளிப்பட்டி, ஓ நெகட்டிவ்.’ கொடுத்த நாள் எதுவும் இல்லை. ஓரத்தில் ‘கேட்க வேண்டாம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். ஓ நெகட்டிவ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்கே தெரியும். பிறகு ஏன் கேட்க வேண்டாம்? உடம்பு சரியில்லாதவரா? அப்படியென்றால் அதை எழுதியிருப்பீர்கள். சண்டைக்காரரா? அதையும் எழுதியிருப்பீர்கள். ‘கோபக்காரர், காலையில் கேட்க வேண்டாம்’ என்று உத்தமபாளையத்து ஆள் ஒருவருக்கு எழுதியிருக்கிறீர்களே!

அம்மாவுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. சண்முகவேல் மாமாவிடம் கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு மூடிக் கையில் கொடுத்தார்.

“அவுக எழுதிருந்தா காரணம் இருக்கும்மா. விட்ரு.”

“என்ன காரணம் மாமா?”

“விட்ருன்னா விட்ரு, ஆத்தா.”

என்னிடம் அப்படிச் சொன்னால் நான் விடுவேனா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடலூரிலிருந்து ஒரு ஜீப் டிரைவர் கூப்பிட்டார். அவர் மனைவிக்குத் தேனி ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருக்கிறது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். அங்கே இருந்த ஒரே பையை ஏற்றிவிட்டார்கள், இன்னும் இரண்டு வேண்டும். “எப்படியாச்சும்க்கா, எப்படியாச்சும்க்கா” என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு பேச்சு வரவில்லை.

நோட்டில் ஓ நெகட்டிவ் ஆறு பேர். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். ஒருவர் திருப்பூரில். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. போடிக்காரர் மட்டும் உடனே கிளம்புவதாகச் சொன்னார். மிச்சம் இருந்தது அந்தப் பெயர்தான்.

உங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நம்பரைப் போட்டேன், அத்தா. நீங்கள் வேண்டாம் என்றதை உங்கள் போனிலேயே செய்தேன்.

“யாரு?” என்றது ஒரு பெண் குரல்.

“கம்பத்துல குழாய்க்கடை பாயோட மக பேசுறேங்க.”

அந்தப் பக்கம் மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

“சொல்லுங்க.”

நான் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “முடியாதுன்னா பரவாயில்லங்க” என்றும் சொன்னேன்.

“எங்கன வரணும்?” என்றார். வேறு எதையும் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் கடை வாசலில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்து வேலைக்குப் போட்டிருந்த ஆண் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். விரலெல்லாம் திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்த மருந்தின் நீலம். உங்கள் காரை நான் ஓட்டினேன். சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். “நெசமாத்தாம்மா” என்று சிரித்தார். தேனி வரைக்கும் நாங்கள் பேசியது அவ்வளவுதான். என் வாயில் ஒரு கேள்வி நின்றுகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ரத்த அளவைப் பார்த்த நர்ஸ், “நீலத்த அழுத்தித் தொடைங்கம்மா, கையில என்னன்னே தெரியல” என்றார். பிறகு, “அளவு போதும், கொடுக்கலாம்” என்றார். போடிக்காரரும் வந்துசேர்ந்தார். பரிசோதனையெல்லாம் முடிந்து இரண்டு பைகளும் மேலே போகச் சாயங்காலமாகிவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், அத்தா. ஜீப் டிரைவர் ஜெயக்கொடியைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக வெளியே நடந்தார்.

திரும்பும்போது வீரபாண்டியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீயை வாயில் வைக்காமலே கேட்டார்.

“ஒங்க அத்தா எங்க மேல கோவத்தோடதான் போனாகளாம்மா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்.

“நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல டிராக்டர் கவுந்து அடிபட்டாரு. அவருக்கும் ஓ நெகட்டிவ்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆம்பளைகளை எல்லாம் வரிசையா நிப்பாட்டிப் பாத்தாக. எவருக்கும் சேரல. ஒங்க அத்தாவுக்குப் போனப் போட்டாக. அவுக கூடலூருக்குப் போயி, ஒரு ஆளத் தேடிப் பிடிச்சுக் கார்ல கூட்டியாந்தாக. வந்து சேரயில இவரு இல்ல.”

“ஐயோ” என்றேன்.

“அவுக மூஞ்சிக்கு நேராவே வஞ்சுட்டேம்மா. ‘இப்ப எதுக்கு வந்தீக? எங்க கண்ணு முன்னாடி நிக்காதீக’ன்னு கத்துனேன். ஒரு வார்த்த பதில் பேசல. அந்த ஆளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக.”

சில மாதங்கள் கழித்து, சுருளிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் ரத்த வகை பார்க்கிற முகாம் போட்டிருக்கிறீர்கள். உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வரிசையில் நின்று விரலை நீட்டியிருக்கிறார்.

“ஓ நெகட்டிவ்னு ரத்தம் பாத்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. எனக்கே அப்பத்தாந் தெரியும். எங்க வீட்டுக்காரரு எங்க அத்தை மகன்தான, ஒரே ரத்தமா இருந்துருக்கு. ஒங்க அத்தா எழுதிக்கிட்டு இருந்தாக. பேனா அப்படியே நின்னு போச்சு. எழுதி முடிச்சாக. நிமிந்து என்னையப் பாக்கவே இல்ல. எந்திரிச்சு வெளிய போயிட்டாக. நான் வஞ்சது மனசுல நிக்குது போலன்னு வீட்டுக்கு வந்துட்டேன். சரி, பேரு இருக்குல்ல, ஒருநா கூப்புடுவாகன்னு இருந்தேன். கூப்புடவே இல்ல.”

நோட்டைக் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தேன். காட்டினேன். ‘கேட்க வேண்டாம்.’ அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டிருந்தா வந்திருப்பேனே” என்றார். சொன்னது என்னிடமா உங்களிடமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சண்முகவேல் மாமாவின் விதைக்கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் விடச் சொல்லவில்லை. கூடலூருக்குப் போன அன்று உங்கள் காரில் துணைக்கு வந்தவர் அவர்தானாமே. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழியெல்லாம், “ஊருக்குள்ள போகாம பைபாஸ்ல போயிருந்தா பத்து நிமிசம் முந்தியிருக்குமாய்யா?” என்று கேட்டுக்கொண்டே வந்தீர்களாம்.

“அதக்கூடத் தாங்கிக்கிட்டாரும்மா” என்றார் மாமா. “முகாம் அன்னைக்குத்தான் தாங்கல. வெளிய வந்து வேப்பமரத்தடியில ஒக்காந்துட்டாரு. ‘புருசன் பக்கத்துலயே ஒக்காந்திருந்துச்சே அந்தப் பொண்ணு. நான் கூடலூருக்கு ஓடுனேனே. ஒரு வார்த்த அதுகிட்ட கேக்கலையே. அன்னைக்குக் கேக்காதவன் இனிமே எந்த மொகத்தோட கேக்குறது’ன்னாரு. நாந்தான் சொன்னேன், நம்ம யாருமே கேக்கலையே, பொம்பளையாள்கிட்ட கேக்கணும்னு யாருக்குத் தோணுச்சுன்னு. அவரு காதுல வாங்கல.”

அன்றே சுருளிப்பட்டிக்குப் போய் ஜெயக்கொடி அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அப்ப கோவம் இல்ல” என்றார்.

“இல்லக்கா.”

“நாலு வருசம் ரெண்டு பேருமா இதச் சொமந்துருக்கோம். ஒரு வார்த்த சொல்லிருந்தாகன்னா சேந்து அழுதுருப்போம்ல.” பிறகு அவர் அழுதார். உங்கள் பங்கை நான் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்காவும் கிளப்பில் இருக்கிறார். முதல் கூட்டத்திலேயே சண்டை. முகாம்களில் பெண்களுக்குத் தனியாக, முதல் மேசை போட வேண்டும் என்றார். “நெறையப் பேருக்கு ரத்தமே கம்மியா இருக்கும், திருப்பித்தான் அனுப்பணும்” என்று ஒருவர் சொன்னார். “கம்மின்னு தெரிஞ்சா மாத்திர குடுங்க. தெரியாம இருக்குறதுக்கு அது மேலுல்ல?” என்றார் அக்கா. மாமா மேசை மணியை அடித்து, தீர்மானம் நிறைவேறியது என்றார். உங்களுக்கு அந்தக் கூட்டம் பிடித்திருக்கும். இதை எழுதுவதற்கு அக்காவிடம் கேட்டேன். “எழுதுங்க, பேரையும் போடுங்க” என்றார்.

இனி என் கேள்வி. நோட்டில் என் பெயர் இல்லை, அத்தா. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை இரண்டு தடவை தேடிவிட்டேன். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை கேட்ட நீங்கள், அடுத்த அறையில் இருந்த என்னிடம் ஏன் கேட்கவில்லை? அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “ரெண்டு மூணு தடவ எங்கிட்டச் சொன்னாக. அவ சிரிச்சுருவாளோன்னு பயமா இருக்குன்னாக” என்றார்.

சிரித்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், சிரித்திருப்பேன். அதற்குப் பிறகு வந்திருப்பேன் என்றும் நினைக்கிறேன். சிரித்ததோடு நின்றிருப்பேனா, வந்திருப்பேனா என்று இனி நாம் இருவருமே தெரிந்துகொள்ள முடியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் ஏ பாசிட்டிவ். உங்கள் வகைதான். வலிக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொட்டிப்புரத்தில் முகாம். அக்காவும் நானும் இப்போதே ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறோம். இனி யாருடைய பதிலையும் நானே முன்கூட்டி முடிவு செய்ய மாட்டேன், அத்தா. வாசலில் நின்று கேட்பேன். முடியாது என்றால் சரி என்று அடுத்த வீட்டுக்குப் போவேன். வைதால் வாங்கிக்கொள்வேன், அடுத்த மாதம் அதே வாசலுக்கு மறுபடி போவேன். இது உங்கள் மகள் உங்களுக்குத் தருகிற வாக்கு.

நீங்கள் கேட்காமலே வந்து சேர்ந்த மகள்,
ரஹ்மத்
கம்பம்