வெள்ளையாகவே நின்ற தாள்

மாசி 8, வியாழன்

கஜா புயல் தென்னைகளைப் படுக்கப் போட்டு ஏழாவது மாசி இது. அக்கரை நேவி நம்ம ஊர்ப் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஜெகதாப்பட்டினத்தில் ஒருத்தரும் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் வாரம்.

தங்கச்சி பேத்தி ரஞ்சிதா என் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். "பள்ளிக்கூட வாசல மிதிக்காத ஆளு டைரி எழுதுறாராம்" என்று என் சம்சாரம் மீனம்மாள் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசியிலிருந்து இந்த வலி. உடம்பில் ரத்தமும் இல்லை. புதுக்கோட்டை டாக்டர், ஈயம் ஏறியிருக்குமோ, குடிக்கிற தண்ணியைப் பாருங்க என்றார். எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் அரவிந்த்குமார் கொட்டகை போட்டிருக்கிறான். பழைய பேட்டரியை உடைத்து உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறான். கழுவின தண்ணீர் மண்ணுக்குள்தான் போகிறது.

எழுபத்தேழில் கடல் ஊருக்குள் ஏறி வந்ததே, அதற்கு அடுத்த கோடையில் தோண்டின கிணறு. அப்பா, அண்ணன், நான், தம்பி உடையப்பன் தோண்டினோம். மீனம்மாள் புதுப்பெண்ணு, மண் சுமந்தாள். தங்கச்சி கண்ணாத்தாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிறு பிடித்தாள். தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். நாங்கள் குடிப்பது அது. விருந்தாளிக்கும் சாமிக்கும் மட்டும் கோயில் ஊருணித் தண்ணீர். தூரம் நடந்து தூக்கி வர வேண்டும்.

மாசி 17, சனி

ரஞ்சிதா கண்ணாத்தாளின் மகன் வயிற்றுப் பேத்தி. தஞ்சாவூரில் காலேஜ். அவளும் கூட்டாளிகளும் ஒரு தாள் செய்கிறார்கள். கிருமியிலிருந்து எடுத்த சரக்கு அதில் காய்ந்து ஒட்டியிருக்குமாம். ஈயம் கலந்த தண்ணீர் பட்டால் ஊதாவாக மாறுமாம். தாள் இவர்கள் வேலை. அதைச் சோதித்துப் பார்ப்பது நாகர்கோவில் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் வேலை. இரண்டும் சேர்ந்து வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் தண்ணீர் ஒரு கேன் வேண்டும் என்று போன் பண்ணினாள். அவளுக்குப் பரீட்சை, வர முடியாது. கண்ணாத்தாள் கேனை உமி போட்டுத் தேய்த்துக் கழுவி, வாயில் துணி கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்பின மாதிரி முகம்.

பங்குனி 3

மீனம்மாளுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். "தண்ணியா இது? பிளாஸ்டிக்க ஊறவச்சு வடிச்ச மாதிரி இருக்கு" என்கிறாள். ஆனால் வலி கொஞ்சம் விட்டிருக்கிறது. விட்டிருக்கிறதா, எனக்காகச் சொல்கிறாளா?

சித்திரை 10, புதன்

மீன்பிடித் தடைக்காலம். ஆம்பளைகள் எல்லாரும் ஊரில்தான். ரஞ்சிதா தாளோடு வந்தாள். "நாகர்கோவில்ல நம்ம தண்ணிய வச்சே பாத்துட்டாங்க தாத்தா. ஈயத்தைக் கலந்தா ஊதா, கலக்காட்டி வெள்ளை. சூப்பரா வேலை செய்யுது."

நிறம் மாறினால் கொட்டகையை எடுக்கச் சொல்கிறேன் என்று பஞ்சாயத்துத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. வாளியில் இறைத்து, சொட்டு விட்டு, காத்திருந்தோம். வெள்ளை. இன்னொரு தாள். வெள்ளை. மூன்றாவதும்.

ரஞ்சிதா கையைத் தட்டினாள். கண்ணாத்தாள் கும்பிட்டாள். அரவிந்த்குமார் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "எம்மேல பழியப் போட்டீங்களே பெரியவரே, இப்ப என்ன சொல்றீங்க?" என்றான். சாயங்காலம் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தனுப்பினான். நானும் தின்றேன்.

சித்திரை 11

மீனம்மாள் கிணற்றில் இறைத்து ஒரு சொம்பு முழுதாகக் குடித்தாள். "இப்பத்தான் தொண்டை நனையுது" என்றாள்.

ஆனி 6, வெள்ளி

படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இவளுக்கு வலி திரும்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. உப்புப் போட்டோமா என்று மறந்து மறுபடி போடுகிறாள். தண்ணீர் இல்லை, தாள்தான் சொல்லிவிட்டதே. அப்போ வேறு என்ன? எதைத் தின்றாள்? எங்கே போனாள்?

ஆனி 25

எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் மீனம்மாள் வரிசையாகச் சொல்வாள். இன்று என் அண்ணன் பெயர் வரவில்லை அவளுக்கு.

ஆடி 18, ஞாயிறு

நாகர்கோவில் பிள்ளை பிளெஸ்ஸி வந்தாள், ரஞ்சிதாவோடு. போட்டிக்குப் படம் எடுக்க. பதினெட்டாம் பெருக்கு என்று கண்ணாத்தாள் காப்பரிசி கலந்து தட்டில் நீட்டினாள்.

பிளெஸ்ஸி கிணற்றில் இறைத்து, உப்பைப் பார்க்க, பேனா மாதிரி ஒன்றை வாளிக்குள் விட்டாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டாள்.

"ரஞ்சி, இது அந்தத் தண்ணி இல்ல. நீங்க அனுப்புனதுல உப்பே கெடையாது."

"இதே கிணறுதான்டி. அப்பத்தா, எங்க புடிச்ச?"

கண்ணாத்தாள் சிரித்த முகமாகவே சொன்னாள்: "ஊருணியில. படிக்கிற பிள்ளைங்க, நம்ம கரிப்புத் தண்ணியவா ஊர் தாண்டி அனுப்புறது? 'இதையாடி குடிக்கிறீங்க'ன்னு ஒன்னையக் கேலி பண்ண மாட்டாங்களா?"

பிளெஸ்ஸிதான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். உப்பு கூடினால் தாளில் இருக்கும் சரக்கு செத்துவிடும். செத்த தாள் எந்தத் தண்ணீருக்கும் வெள்ளையாகத்தான் நிற்கும். "தாள் உசுரோட இருக்குதான்னு காட்ட இன்னொரு பொட்டு வச்சிருக்கணும் தாத்தா. தாள் செஞ்சவங்க வைப்பாங்கன்னு நாங்க விட்டோம். நாங்க பாத்துட்டோம்னு அவங்க விட்டாங்க."

கிணற்றுத் தண்ணீரில் நல்ல தண்ணீரை நிறையக் கலந்து, உப்பைக் குறைத்து, புதுத்தாளில் விட்டாள். நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி மெல்ல ஊதா ஏறியது. ரஞ்சிதா வாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணாத்தாள் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே படுத்திருந்த மீனம்மாள் கேட்டாள்: "என்னங்க, கலர் மாறுச்சா?"

"இல்ல" என்றேன்.

ஆடி 19

கண்ணாத்தாளோடு பேச்சு இல்லை. கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய?

ஆவணி 4

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்ததில் ஈயம்தான். டாக்டர் கணக்கைச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. அவர் முகம் பிடிபட்டது. கிட்னி இரண்டும் போய்விட்டதாம். முன்னாடியே தண்ணிய நிறுத்தியிருந்தா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நிறுத்தித்தான் இருந்தோம்" என்றேன்.

ஆவணி 22, ஞாயிறு

மீனம்மாள் போய்விட்டாள். மத்தியானம். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆவணி 24

மீனம்மாள் போன அன்றைக்கு, குளிப்பாட்ட நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். ஊதா தெரிந்த அன்றே பூட்டின கிணற்றின் முன்னால் பங்காளிகள் குடத்தோடு முழித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாத்தாள் யாரிடமும் கேட்கவில்லை. ஊருணி வற்றிக் கிடக்கிறது. நடுப்பள்ளத்தில் இறங்கி, ஊற்றுத் தோண்டி, துணியில் வடிகட்டித் தூக்கி வந்தாள். முழங்கால் வரை சேறு. அதில்தான் மீனம்மாளைக் குளிப்பாட்டினார்கள். விருந்தாளித் தண்ணீர்.

குடத்தை வாங்கும்போதும் நான் கண்ணாத்தாள் முகத்தைப் பார்க்கவில்லை.

புரட்டாசி 9

போனைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். மாசியிலிருந்து எல்லாம் வாசித்தது. நான் பேசும்போது பக்கத்தில் இருந்து மீனம்மாள் முனகினாளே, அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஐப்பசி 20, வியாழன்

மழை. கொட்டகையைப் பிரித்துவிட்டான் அரவிந்த்குமார். மணமேல்குடிப் பக்கம் வேறு இடத்தில் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் பக்கத்தில் கிணறு இருக்கும்.

போட்டி முடிந்து ரஞ்சிதா ஊர் திரும்பி வந்து சொன்னாள். இரண்டு காலேஜும் ஒன்றாக மேடையில் நின்று, எங்கள் தாள் ஒரு ஊரை ஏமாற்றியது என்று சொன்னார்களாம். இப்போது தாளில் இரண்டு பொட்டு. "ஆத்தா பேரைச் சொல்லல தாத்தா. ஒருத்தங்க இறந்துட்டாங்கன்னு மட்டும் சொன்னோம்."

"பேரைச் சொல்லியிருக்கலாம். மண்ணு சுமந்தவ" என்றேன்.

அப்பா காமாலையில் போனார். அண்ணனைக் கடல் திருப்பித் தரவில்லை. உடையப்பன் கஜாவுக்கு மறுநாள் மரத்தடியில் கிடந்தான். மீனம்மாள் இந்த ஆவணியில். அந்தக் கிணற்றைத் தோண்டின ஆட்களில் நான் போக இன்னும் ஒருத்திதான் உசிரோடு. அவள் தினமும் சோற்றை வைத்து மூடிவிட்டு, நான் வாய் திறக்க மாட்டேன் என்று தெரிந்து, பேசாமல் போகிறாள்.

இன்றைக்கும் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு. ஊருணி நிறைந்துவிட்டது போல. வாசல் தாண்டி மழையில் இறங்கிவிட்டாள்.

கூப்பிட்டேன்.

"கண்ணாத்தா."